சுரண்டிய கை

18-10-1998, ஞாயிறு

காலண்டரில் வந்த பழைய அரண்மனை ஓவியத்தைப் பார்த்துத்தான் எண்ணெய் வண்ணம் பழகுகிறேன். தாமரையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் பெண். அச்சில் கை மங்கலாக இருப்பதால் மல்லிகாவை அதே மாதிரி நிற்கச் சொல்லிப் பார்த்து வரைகிறேன். தாமரைக்குப் பதில் கரண்டி.

இந்த மாமல்லபுரம் கடல் காற்றில் வண்ணம் லேசில் காய்வதில்லை. நடுவில் மல்லிகாவின் வைத்தியத்துக்காகச் செங்கல்பட்டுக்கு அலைச்சல். ஒரு மாதம் கழித்து இன்றுதான் தூரிகையைத் தொட்டேன். அவள் கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். படத்தில் நான் போன மாதம் போட்ட கை ரொம்பவும் பருத்திருந்தது. இத்தனை நாள் பழகியும் அளவு பிடிபடவில்லையே என்று என் மேலேயே எரிச்சல். கத்தியை எடுத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை கான்வாஸ் துணி தெரியச் சுரண்டிவிட்டேன். சரியாகக் காயாததால் சுலபமாக வந்துவிட்டது.

மல்லிகா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாத்துக்குங்க சுரண்டுனீங்க? சரியாத்தான இருந்துச்சு. அப்ப என் கை அப்டித்தான் இருந்துச்சு."

அப்போதுதான் கவனித்தேன். தூக்கிய கையில் வளையல் வழுக்கி முழங்கைக்கே போய்விட்டிருந்தது.

"இப்ப இருக்கறதப் பாத்துப் போடாதீங்க" என்று சொல்லிக் கரண்டியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவள் தூங்கிய பிறகு, பழைய கையை ஞாபகத்திலிருந்து வரையலாம் என்று உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட கை. ஒரு கோடுகூட வரவில்லை.