நாற்பத்தொரு கிராம் ஈரம்

மார்ச் 3
அறிக்கை போய்விட்டது. நில அதிர்வுப் படத்தில் நானூறு மீட்டர் ஆழத்தில் பளிச்சென்று தெரியும் பட்டை நிலக்கரி என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வாயு இருந்தாலும் இதே பளிச்சுதான். மேலே மூடியிருக்கும் களிப்பாறையில் அலை ஓடும் வேகத்தை அளந்தால், கீழே இருப்பதன் வேகம் கணக்கில் கிடைக்கும். நிலக்கரியின் வேகம்தான் கிடைத்தது.

அந்தப் பட்டைக்கும் கீழே எண்ணெய் தேடித் துளையிடும் குழுவில் தம்பி இருக்கிறான். “கரிதானேக்கா? அப்ப நிம்மதியா தூங்குவேன்” என்றான்.

மார்ச் 10
கோப்பைக் கட்டும்போது பார்த்தேன். களிப்பாறைத் துண்டைத் தோண்டி எடுத்த அன்றைய சீட்டில் எடை 612 கிராம். ஆய்வுக்கூடத்தில் அளந்த அன்றைய சீட்டில் 571.

ஈரம் போகாமலிருக்கத் துண்டின் மேல் பூசிய மெழுகு உறை விரிசல் விட்டிருக்கிறது. ஈரம் போன களி விறைக்கும். அலை வேகமாக ஓடும். காய்ந்த கல்லை வைத்தா கணக்குப் போட்டேன்? இருபது வருஷமா ரெண்டு சீட்டையும் ஒத்துப் பாக்குறவ, அன்னைக்கு மட்டும் ஏன் பாக்கல?

மார்ச் 11
எடை குறையாத இன்னொரு துண்டை அளந்தேன். வேகம் குறைவு. அப்படியானால் கீழே இருப்பது இன்னும் மெதுவானது — நிலக்கரி அவ்வளவு மெதுவாக இருக்காது. வாயுவாக இருக்கலாம். துளை அதைத் தொட்டால் பீறிட்டு வரும்.

மேலாளரிடம் போனேன்.

“ஏம்மா, போன வாரம் கரின்ன, இப்ப வாயுங்கிற. அடுத்த வாரம் தங்கமா?”

“தப்பு என்னுது சார். சீட்டை ஒத்துப் பாக்கல.”

“முந்நூறு மீட்டர் இறங்கியாச்சு, தெரியுமா?”

“தெரியும். இன்னும் நூறுதான் இருக்கு.”

என் முகத்தையே பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

மார்ச் 12
நிறுத்திவிட்டார்கள். தம்பி அங்கே இல்லையென்றால் சொல்லியிருப்பேனா?

மார்ச் 24
அரை கிலோமீட்டர் தள்ளி, அந்தப் பட்டை இல்லாத இடத்தில் துளை தொடங்கியது. என்னைப் பாறைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். மெழுகு, தராசு, சீட்டு.

ஏப்ரல் 6
தம்பி விடுப்பில் வந்தான். சாப்பாட்டில் கைவைக்கும் முன்பே ஆரம்பித்தான். “உன்னால பதினோரு நாள் ஈ ஓட்டினோம்க்கா. அங்க வாயு ஒண்ணும் இருந்திருக்காது.”

“இருக்கலாம்” என்றேன்.

பழைய துளையைச் சிமெண்ட் ஊற்றி அடைத்தாகிவிட்டது. அது கரியா வாயுவா என்று இனி யாருக்கும் தெரியாது.

இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். என்னைத் திட்டிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவன், பாதிப் பேச்சில் தூங்கிப்போனான்.