இழுப்பறையில் ஒரு மெழுகுவர்த்தி

இயாஷி
மார்ச் 9, 2005

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலை ஒட்டியிருக்கும் இழுப்பறை முழுதாக மூடாமல் இருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். அவருடைய கை அதற்குள் கிடந்தது. விரல்களுக்கு நடுவே கோயில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் தீப்பெட்டி.

நெஞ்சைத் திறந்து தைத்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. சிஸ்டர் ப்ரொஃபீரா விளக்கைக் குறைத்தார், காதில் பஞ்சு வைத்தார், மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார். கண் சொருகும்போதே திடுக்கிட்டு விழிக்கிறார். நேற்று என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டார். இப்படியே போனால் இதயம் தாளம் தப்பும், இன்னொரு முறை திறக்க உடம்பு தாங்காது என்கிறார் டாக்டர். ஏன் தூங்கவில்லை என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத்தான் யாரிடமும் பேச வாய் வராதே.

மெழுகுவர்த்தியை யார் வைத்தது? எடுத்துவிடட்டுமா? நீ வந்துவிடேன் அம்மா.

உன் இலிங்கா

பாதோவா
மார்ச் 14, 2005

என் கண்ணு இலிங்கா,

நம் ஊரிலிருந்து இத்தாலிக்கு வரும் பஸ்ஸின் டிரைவர் உன் கடிதத்தைக் கொடுத்தார். போன் செய்யலாம்தான், நீ அதில் மூச்சு மட்டும்தானே விடுவாய்.

கத்திங்கா அத்தையிடம் சொல்லி மெழுகுவர்த்தியை வைக்கச் சொன்னது நான்தான். உயிர் போகும்போது கையில் மெழுகுவர்த்தி எரிந்தால்தான் போகிற வழி தெரியும் என்பார்கள்; உன் தாத்தா வயலில் விழுந்து செத்தபோது அதைக் கொளுத்திப் பிடிக்க ஆளில்லை. இன்னும் அந்தப் பக்கம் இருட்டிலேயே நடக்கிறார் என்று குடித்த நாளெல்லாம் அப்பா அழுவார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும். எடுக்காதே.

இங்கே நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவிக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. அவள் நன்றாகத் தூங்குகிறாள். ஆனால் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மா

இயாஷி
மார்ச் 19, 2005

அன்புள்ள அம்மாவுக்கு,

கிழவியைப் பற்றிப் படித்ததும் கோபம் வந்தது. பிறகு அப்பாவிடமே போய் ஏன் தூங்கவில்லை என்று கேட்டேன். கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் கண்ண மூடிட்டா அத யாரும்மா கொளுத்துவா? சிஸ்டருக்கு ஊர்ப்பட்ட வேல. நீ பஸ்ஸுக்கு ஓடிடுவ."

நீ ஆறுதலுக்கு வைத்தது அவரைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டது அம்மா. தன் சாவுக்குத் தானே விழித்திருக்கிறார். உதடு நீலமாகிவிட்டது. தாளம் தப்பத் தொடங்கிவிட்டதாம்.

பார்க்கும் நேரம் முடிந்ததென்று சிஸ்டர் வந்தார். வழக்கம்போல என் குளிர்கோட்டைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

"நான் போகல சிஸ்டர்."

"ஊமைப் பொண்ணுக்கு வாய் வந்துடுச்சா? இங்க தங்க விட மாட்டாங்க, கண்ணு."

"அவருக்கு மாத்திர வேணாம். ஆள் வேணும்."

அவர் வெளியே போனார். பெரிய டாக்டரைக் கூட்டி வரத்தானோ என்னவோ.

நான் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இழுப்பறையை மூடினேன். நாற்காலியை அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இலிங்கா