காது இரைச்சலுக்காக டிக்கெட் போடாதே

பூந்தமல்லி

அன்பு மகன் ஃபஹீமுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் சுகம், என் காது மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை, அதையும் சேர்த்தே அல்ஹம்துலில்லாஹ். அந்தக் குளிரில் நீ நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே நான் சொல்றதைக் கேளும்மா என்று குறுக்கே வந்துவிடுகிறாய், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்துக்குக் குறுக்கே உன்னால் பேச முடியாது, முழுசாகப் படி.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. காது இரைஞ்சால் தூரத்தில் இருக்கிற யாரோ நம்மை நினைக்கிறார்கள், உடனே நபி மேல் சலவாத்து சொல்லணும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். போன வருஷம் வலது காதில் விசில் மாதிரி கேட்டதும் நீதான் நினைக்கிறாய் என்று சந்தோஷமாகச் சலவாத்து சொன்னேன். அப்புறம் நாள் முழுக்கக் கேட்டது, ரெண்டு காதிலும் கேட்டது. பிள்ளை இப்படி விடாமல் நினைக்கிறானே என்று அத்தாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மாசத்துக்கு ரெண்டு தடவை போன் பண்றவன் உன் காதுக்கு மட்டும் தினமும் பண்றானா, போய் டாக்டரைப் பாரு என்றார். நான்தான் கேட்கவில்லை, அப்படியே மாசக்கணக்கில் போய்விட்டது.

காது இரைஞ்சால் இரையட்டும் என்று விட்டிருப்பேன், ஆனால் அது நான் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற குர்ஆன் ஓதலில் கை வைத்துவிட்டது. தமிழில் நாம் எல்லாத்துக்கும் ஒரே ஸ எழுதுகிறோம், அரபியில் மூணு. நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் ஸே, உள்ளே நின்று விசிலடித்தால் ஸீன், வாய் கனத்தால் ஸாத். ஒண்ணுக்கு இன்னொண்ணு மாறினால் குர்ஆனில் அர்த்தமே மாறிவிடும். அந்த விசில்தான் என் காதில் ஓயாமல் ஓடுகிறதே, பிள்ளைகளுடைய விசில் எங்கே கேட்கும். ஜீனத் ஸீனை ஸேயாக ஓதினாள், நான் மாஷா அல்லாஹ் என்று தலையாட்டினேன், மற்ற பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை, பின்தெரு ரேஷ்மாவிடம் ஓத அனுப்பிவிட்டார்களாம். அவள் நல்ல பெண், நல்லாவே ஓதிக் கொடுப்பாள், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அத்தா மேல்தான். போதும் விடு, அல்லாஹ் கொடுத்த ஓய்வுன்னு நினைச்சு சபர் செய், பொறுமையா இரு என்றார். சபர் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்காருவது என்று எந்தப் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார் என்று கேட்டேன், அன்றைக்கு அவர் டீயில் சர்க்கரை போடவில்லை.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு ஞானகுமாரி ஐயப்பன்தாங்கலில் ஒரு மண்டபத்தில் காது முகாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். மைக் மாட்டின ஒருத்தன் இது புது டெக்னாலஜி சொட்டு மருந்து, நரம்பையே ரிப்பேர் பண்ணும் என்றான். நான் எழுந்து, தம்பி குணமானவங்க போட்டோவெல்லாம் காட்டுற, குணமாகாதவங்க எத்தனை பேர், அதையும் சொல்லு, வரவு மட்டும் எழுதினா அது கணக்கு இல்லை என்றேன். நெகட்டிவா பேசாதீங்கம்மா, நம்பிக்கை வேணும் என்றான். நம்பிக்கை அல்லாஹ் மேல நிறைய இருக்கு, அதை உன் பாட்டில்ல ஊத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஞானகுமாரி பஸ் ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே வந்தாள், இன்னாக்கா நீ, மைக் இல்லாமலே அந்தாளு மைக்கை ஆஃப் பண்ணிட்ட என்று.

நீ என்னைக் கூப்பிடுகிற உங்கள் ஊர் ஆஸ்பத்திரியை அந்த ஆளோடு சேர்க்கிறேன் என்று கோபப்படாதே. நீ அனுப்பிய வீடியோவை, நாக்கில் தகடு வைத்து லேசாக கரண்ட் கொடுத்து காதில் சத்தமும் கொடுக்கிறார்களே, அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நானே படித்துக்கொண்ட இங்கிலீஷ் அதற்குப் போதும். எனக்குக் குறைஞ்சிடுச்சு என்று ஒரு பெண் அழுதாளே, அவள் பொய் சொல்லவில்லை. எனக்கும் அழுகை வந்தது, எனக்கும் வேணும் என்றுதான் இருந்தது. ஆனால் கண்ணு, இந்த வருஷ நோன்பு மாசத்தில் எனக்குச் சில நாள் தானாகவே குறைந்தது, அப்புறம் தானாகவே ஏறியது. அந்தச் சமயம் சொட்டு மருந்து விட்டிருந்தால் மருந்துதான் குறைத்தது என்று நானே சத்தியம் செய்திருப்பேன். அதனால் அவர்களிடம் கேள், கரண்டே இல்லாமல் அந்தத் தகட்டை வெறுமனே வாயில் வைத்தவர்களுக்கு எவ்வளவு குறைந்தது, பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள். ஒழுங்காகப் பதில் வந்தால் நானே பாஸ்போர்ட்டை எடுக்கிறேன், நாக்கில் கரண்டுக்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை. பதில் வரும் வரை டிக்கெட் போடாதே.

அம்பத்தூரில் காது சோதிக்கிற தாட்சாயிணி என்ற பெண்ணிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, மெல்லிசான சத்தங்கள் கேக்கிறது உங்களுக்குக் குறைஞ்சிருக்கு, இரைச்சலை அழிக்கிற மாத்திரை இன்னிக்கு எதுவும் இல்லை, புதுசா வர்றது சிலருக்கு உதவுது, உங்களுக்கு உதவுமான்னு எனக்குத் தெரியாது என்றாள். தெரியாது என்று சொன்னாளே, அதற்காகவே அவளைப் பிடித்துப்போனது. முதல்ல கேக்காததைக் கேக்க வைப்போம்மா என்று காதில் மாட்டுகிற ஒரு மிஷினைக் கொடுத்து, வைத்துப் பார்க்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து ஜீனத்தைக் கூப்பிட்டேன், வாயைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு மூணு எழுத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னேன். ஸேயில் ரெண்டு தடவை தவறினேன், ஸீனையும் ஸாதையும் ஒவ்வொரு தடவையும் பிடித்துவிட்டேன். இரைச்சல் போகவில்லை, இதை எழுதும்போதும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது, கத்தட்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் ஓதல் உண்டு என்று எல்லார் வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். இனி பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் எனக்கு நேர் எதிரே உட்காரணும், நாக்கு நுனி எனக்குத் தெரியணும். ரேஷ்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவளிடம், நீ என் பக்கத்தில் உட்காரு, நான் ஒரு தப்பை விட்டாலும் எல்லார் முன்னாலும் சொல்லு, பயந்து மறைக்காதே, அப்படி விட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைகளை நானே உன்னிடம் அனுப்பிவிடுகிறேன் என்றேன். அத்தா அவமானம் அவமானம் என்கிறார். தப்பாக ஓதியதைச் சரி என்றேனே, அதைவிடவா.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான சம்பாத்தியமும் நல்ல மனைவியும் தரட்டும், ஆமீன். ஹெட்போனை அலறவிட்டுக் கேட்காதே, உனக்கும் வேறு காது கிடையாது. ஆஸ்பத்திரிக்குக் கேள்விகளை இந்த வாரமே எழுது. திங்கட்கிழமை அந்த நேரத்துக்கு மட்டும் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன், பிள்ளைகள் ஓதிக்கொண்டிருப்பார்கள்.

துஆவுடன்,
உன் அம்மா
அஷ்ரஃபுன்னிசா