ஏசிச் சொட்டில் முளைத்த தண்ணீர்விட்டான் கொடி

பிப்ரவரி 11, 2025

என் கொடியைக் குப்பை வண்டியில் ஏற்றியது ஜாய்சன். நாங்கள் சாகுபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம், எங்கள் மூன்றாம் மாடி வராந்தாவில் தொங்கிய தண்ணீர்விட்டான் கொடியைத் தொட்டியோடு கழற்றி எறிந்திருக்கிறான். முள் ஆளைக் கிழிக்கிறதாம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்றால் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

நியாயம் கேட்டால் சிரிக்கிறான். "செடி வேணும்னா வீட்டுக்குள்ள வளருங்க அண்ணாச்சி. வெயில் இல்லாம வளராது. பேசாம பிளாஸ்டிக் கொடி வாங்கி மாட்டுங்க."

"வளத்துக் காட்டுதேன்" என்றேன்.

"வளந்துட்டுன்னா வராந்தாவுல நானே கொக்கி அடிச்சுத் தாரேன்."

சரி. அதுவரை அவன் குடியிருக்கும் நாலாம் மாடிப் படியில் என் கால் படாது.

பிப்ரவரி 12

வராந்தா மூலையில், துடைப்பத்துக்குத் தப்பிய பழங்கள் கொஞ்சம் கிடந்தன. அந்தக் கொடியில் மிச்சம் இவ்வளவுதான். நர்சரியில் ஒன்று வாங்கலாமே என்கிறாள் என் வீட்டுக்காரி பிச்சம்மாள். வாங்கினால் அது நர்சரிக்காரன் செடி. என் செடி செத்ததாகத்தானே அர்த்தம்?

பழத்தைப் பிசைந்து கழுவினேன். மிளகு போலக் கறுப்பு விதைகள். பாதியை ஊற வைத்திருக்கிறேன்.

மார்ச் 16

விதைத்து ஒரு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. பொறுக்காமல் தோண்டினேன். எல்லாம் அழுகல். மண்மேல் வெள்ளையாக உப்புப் படலம்.

பிச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "போர்த் தண்ணியிலயா ஊற வச்சீங்க? சோப்பே நுரைக்க மாட்டேங்கு, அதுல விதை முளைக்குமாக்கும்? கருவாடுதான் ஆகும்."

இந்த ஊர்த் தண்ணீர் ஆணியை என்ன பாடு படுத்தும் என்று முப்பது வருடம் என் இரும்புக்கடையில் நின்று ஊருக்கே சொன்னவன் நான். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கேன் தண்ணீரில் கை வைத்தால், "குடிக்கதுக்கே காணல" என்று கேனை மறித்து நிற்கிறாள்.

மார்ச் 19

ஜாய்சன் வீட்டு ஏசித் தண்ணீர் எங்கள் ஜன்னல் சன்ஷேடில் சொட்டுகிறது. டொக், டொக். தூங்க முடியவில்லை என்று ஒரு வருடமாகச் சங்கத்தில் நான் புகார் கொடுக்கும் அதே சொட்டு. இன்று விரலில் பிடித்து நாக்கில் வைத்தேன்.

உப்பே இல்லை.

வாளியை வைத்துவிட்டேன்.

மார்ச் 20

மிச்சப் பாதி. இதுவும் போனால் அவ்வளவுதான். விதையின் தோல் கல் மாதிரி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஏசித் தண்ணீரில் ஒரு நாள் ஊறப் போட்டேன். கடல் மணல் வேண்டாம். தேரிச் செம்மணலும் தேங்காய் நார்த்தூளும் சரிபாதி. நாளை நகத்தின் ஆழத்தில் புதைத்து, மேலே பாலிதீன் மூட வேண்டும். மண் ஈரமாக இருந்தால் போதும், சேறாகக் கூடாது.

தோண்டிப் பார்க்க மாட்டேன். மாட்டேன்.

ஏப்ரல் 9

தோண்டவில்லை.

ஏப்ரல் 24

பச்சை ஊசி ஒன்று! இல்லை, இரண்டு!

"ஏளா, இங்கன வா!" என்று நான் போட்ட சத்தத்தில் பிச்சம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். "இதுக்கா? நூல் மாதிரில்ல இருக்கு."

நூல்தான். இந்த வயதில் நான் நூற்ற நூல்.

மே 6

காலையில் ஜன்னலுக்கு வெளியே பிளம்பர் தலை. ஏசிக் குழாயைக் கீழே வரை இழுத்து விடப் போகிறானாம். இன்றைக்குப் பார்த்தா!

"ஏலே, தொடாதே!" என்று கத்தினேன். மேலே இருந்து ஜாய்சன் எட்டிப் பார்த்தான்.

"நீங்கதான அண்ணாச்சி ஒரு வருசமா புகார் கொடுத்தீங்க?"

"இப்போ வேண்டாங்கேன்."

"ஏன்?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு மேலே குடும்பமே சிரித்தது. "அப்போ எங்க தண்ணியிலதான் செடி வளக்கீங்களா?"

"என் சன்ஷேடுல விழுந்தா என் தண்ணி!"

பிளம்பர் இறங்கிப் போய்விட்டான். குழாய் அப்படியே இருக்கிறது.

ஜூன் 28

முதல் ஊசிகள் வெளிச்சம் தேடி நெட்டையாகப் போய்ச் சாய்ந்தன. தொட்டிகளை ஜன்னலுக்கு ஒரு முழம் பக்கத்தில் நகர்த்தினேன். நேர் வெயில் படவில்லை. இப்போது அடியிலிருந்து தடித்த புதுத் தண்டு வருகிறது. வெயில் இல்லாமல் வளராதாமே?

ஆகஸ்ட் 31

ஜன்னல் பக்கத்துப் பரணில் வைத்த கொடி இறங்கித் தொங்கி, என் தோளைத் தொடுகிறது. இலை பஞ்சு போல. ஜாய்சன் மனைவி அல்போன்சா பார்க்க வந்தாள். "அடி ஆத்தி, வீட்டுக்குள்ளயா மாமா?" என்று வாயைப் பிளந்தாள். இன்னொரு தரம் சொல்லட்டும் என்று காது கேளாதவன் போல் இருந்தேன்.

மாலையில் ஜாய்சனே டிரில்லிங் மெஷினோடு வாசலில் நின்றான். "எங்கன அடிக்கணும், சொல்லுங்க."

செப்டம்பர் 7

இனி ஆக வேண்டியவை:

வராந்தாவில் இன்னொரு கொக்கி, ஆள் தலைக்கு மேலே. ஜாய்சன் அடிக்க வேண்டும். முதல் கொக்கி கோணல்.

வழியில் நீளும் முள் நுனியை வாரம் ஒருமுறை வெட்டுவது நான். அதையும் சொல்லிக்காட்ட இடம் கொடுக்கக் கூடாது.

மழை பிடிக்கும் வரை மத்தியானம் ஏசி ஓட வேண்டும். பொறுப்பு அல்போன்சா.

மன்னிப்பு. ஜாய்சன். இன்னும் வரவில்லை.

இரண்டாவது தொட்டியை நாலாம் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பிச்சம்மாள். போர்த் தண்ணீர் ஊற்றாதே என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

வாரா வாரம் மேலே போய்ச் செடி வாடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது — நான்.