பலகையருகே ஒரு நாற்காலி

மகளுக்கு,

தேசியத் தடகளப் போட்டியில் உன் கடைசி நீளத் தாண்டலுக்குச் சிவப்புக் கொடி காட்டியவன் நான்தான். தாண்டும் பலகையின் ஓரத்துக் களிமண்ணில் உன் ஷூ முனை பதிந்திருந்தது. பதிந்தால் ஃபவுல். அதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது வேறு. சொந்தக்காரர் தாண்டும்போது நடுவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. உன் பெயருக்கு முன்னால் அம்மாவின் இனிஷியல் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நாம் பிரிந்து பதினோரு வருடம் கழித்து உன்னை ஆறடி தூரத்தில் பார்க்க வேறு இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

நீ மணலைத் தட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாய்.

"சார், நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"சரி சார்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நடந்ததை இன்று தடகளச் சங்கத்துக்கு அவர்கள் படிவத்திலேயே எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. உன்னை மறுபடி தாண்ட விடுவார்களா, தெரியாது. என் பேட்ஜைக் கட்டாயம் பிடுங்கிவிடுவார்கள். படிவத்தில் 'வீராங்கனைக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'அப்பா' என்று நிரப்பியிருக்கிறேன். உனக்கு ஆட்சேபம் இருந்தால் அவர்களுக்கு எழுது, அந்தச் சொல்லை அடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கொடி பிடித்த சார்