ஆறாயிரத்து நாற்பது அடிகள்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டரம்மா மகளுக்கு மாத்திரையோடு நடையையும் எழுதிக் கொடுத்தார். "மனசு தானா எழுந்திரிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. உடம்பை எழுப்புங்க. யாராவது கூடப் போனா நல்லது."

யார் போவது? வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். எட்டு மணிக்கு நான் தையல் கம்பெனியில் இருக்க வேண்டும். அடிகளை எண்ணும் வாட்ச் ஒன்றை வாங்கி அவள் கையில் கட்டிவிட்டேன். எண்ணிக்கை என் போனில் தெரியும்.

ஜூன் 5, வியாழன்

மெஷினில் போன் பார்க்கக் கூடாது. சூப்பர்வைசர் பிடித்துவிட்டார். "என்னக்கா, சீரியலா?"

ஆமாம் என்றேன். பதினெட்டு வயதுப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கிறேன் — எப்படிச் சொல்வது? "கண்ணு முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்" என்று போன மாதம் அவள் சொன்னதிலிருந்து மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருகிறேன். எண் ஏறினால் மூச்சு விடுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

6,040! பக்கத்து மெஷின்காரிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 12, வியாழன்

பதினொரு மணிக்கு 212. பன்னிரண்டுக்கும் 212. போன் அடித்தேன், எடுக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வந்தேன். பஸ்ஸில் வேண்டாத தெய்வமில்லை. சாவி பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது.

கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தொட்டேன். சூடு இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கை வலிக்குதும்மா."

"கையா?"

"படுத்துக்கிட்டே ஆட்டுவேன், ஏறும். இன்னிக்கு முடியல."

"எதுக்குடி?"

"ஏறலைன்னா நீ பயப்படுவியே."

ஐயோ. எழுந்து நிற்க முடியாத பிள்ளை எனக்காகக் கையை ஆட்டியிருக்கிறது. ஆறாயிரம் தடவை! வெளுத்ததெல்லாம் பால் என்று நான் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பத்து நாளில் ஏதாவது ஆகியிருந்தால்? எழுதவே பயமாயிருக்கு.

ஜூன் 13, வெள்ளி

வாட்சைக் கழற்றிவிட்டேன். டாக்டரம்மாவிடம் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. உடனே கூட்டி வரச் சொல்லி, அவளோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினார்.

சூப்பர்வைசரிடமும் உண்மையைச் சொல்லி மதிய ஷிப்ட் கேட்டேன். "எங்க வீட்லயும் இப்படி ஒருத்தன் இருக்கான்க்கா. எடுத்துக்கோங்க."

ஜூன் 17, செவ்வாய்

இருவரும் தெருமுனை வரை போனோம். பாதியில் அழுதாள். நானும்தான்.

ஜூலை 2, புதன்

பூங்காவில் இரண்டு சுற்று. மூச்சு வாங்கியது எனக்கு. "உனக்குத்தாம்மா வைத்தியம் பாக்கணும்" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

"இன்னிக்கு நான் மட்டும் போயிட்டு வரேன்."

வேண்டாம் என்று வாய் வரை வந்துவிட்டது. சரி என்றேன். அவளே கேட்டால் தடுக்காதீர்கள் என்பது டாக்டரம்மா உத்தரவு. சொல்வது அவருக்கு எளிது. அந்த நாற்பது நிமிடத்தில் துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைத்தேன். இரண்டு முறை செருப்பை மாட்டிக் கழற்றினேன்.

கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள்.

"பசிக்குதும்மா. இவ்வளவுதான் இருக்கா?"

நின்றபடியே என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். நான் மறுபடி உலை வைத்தேன்.