எர்கோலேயின் பந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், இருமல்கூட இல்லை.

ஞாயிறுதோறும் மோன்சா பூங்காவுக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பூட்டிக் கிடக்கும் மாளிகைக்குப் பின்னால் கிழவர்கள் பந்து உருட்டி ஆடுவார்கள். முதல் நாளே ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, எங்க எர்கோலே மார்ச்சுல போய்ட்டான். அவன் முறை வந்தா யாராவது உருட்டணும். வா."

பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாமலே உருட்டினேன். குறியாக வைத்த சின்னப் பந்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"செத்தும் விடமாட்டியாடா எர்கோலே!" என்று என் முதுகில் தட்டினார்கள்.

மூன்று மாதமாகிறது. என் பெயரை யாரும் கேட்கவில்லை, எர்கோலே என்றே கூப்பிடுகிறார்கள். நேற்றுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் "எஃபீசியோ" என்று கத்தினார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று இருந்துவிட்டேன். சிரிப்புதான் வந்தது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கடிதத்தில் 'மகனே' என்று தொடங்காமல் என் பெயரை எழுதுங்கள்.

எர்கோலேயைக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகன்
எஃபீசியோ